ஊர்க்குள வாய்க்காலுக்குப் பணம் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக அறுவடை முடிந்தால் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஊர்ச்சங்கக் கூட்டங்கள் சூடுபிடித்துவிடும். வன்னியில் உள்ள குளத்து வாய்க்காலைத் திருத்த வேண்டும், கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தருவார்கள் என்று இளையவர்கள் ஆர்வத்தோடு பேசுகிறார்கள். அவர்களுடைய திட்ட அறிக்கைகள் பார்வைக்கு என்னிடம் வருவதுண்டு. பழைய சங்கங்கள் எங்கெங்கே பணத்தைத் தொலைத்தனவோ, அங்கேயேதான் புதியவர்களும் கால் வைக்கிறார்கள். பற்றுச்சீட்டு, கணக்கறிக்கை எல்லாம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நான் சொல்ல வருவது வேறு.

குளம் யாருக்குக் கீழ் என்று கேளாமல் தொடங்குவது

80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாயும் குளம் சிறுகுளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ் வரும். அதைவிடப் பெரியது என்றால் பெரும்பாலும் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம். "எங்கட குளம்தானே" என்று மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை இறக்க முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த கமக்காரர் அமைப்பு ஊரில் இருக்கும். முதல் பேச்சு அவர்களோடு. எழுத்தில் அனுமதி வந்த பிறகு வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுங்கள்.

கையில் உள்ள தொகையை வைத்து வேலையைத் தீர்மானிப்பது

"அண்ணை, முப்பது இலட்சம் சேர்ந்திட்டுது. எத்தனை மீற்றர் கொங்கிறீற் போடலாம்?"

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். குளத்துக்கு என்ன வருத்தம் என்று பார்க்காமலே மருந்தை முடிவு செய்துவிடுகிறார்கள். படம் எடுத்தால் வடிவாகத் தெரியும் என்பதால் வீதியோரத் துண்டுக்குத்தான் முதலில் கொங்கிறீற் விழும்.

முல்லைத்தீவுப் பக்கம் அப்படித் திருத்திய வாய்க்கால் ஒன்றைப் பார்க்கப் போனேன். துருசு, அதாவது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகு, பூட்டியிருந்தது. ஆனாலும் கதவின் அடிவிளிம்பு துருப்பிடித்துத் தின்னப்பட்டிருந்ததால், வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. துருசுக்கும் புதுக் கொங்கிறீற்றுக்கும் இடையில் பழைய மணல் வாய்க்கால் அப்படியே கிடந்தது. திறந்துவிடும் தண்ணீரில் பெரும்பகுதியை அதுவே குடித்துவிடுகிறது. புதுச் சுவரிலும் கசிவுத் துளை விடவில்லை. வாய்க்கால் சட்டென்று வற்றும்போது பின்பக்க ஈரமண்ணின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளியிருந்தது. வெடிப்புக்குள் புல் முளைத்திருந்தது. கடைசி வயல்காரி சொன்னார்: "வாய்க்கால் வடிவாத்தான் இருக்கு தம்பி. தண்ணிதான் வரேல்லை."

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? தண்ணீர் ஓடும் காலத்தில் ஒரு தடவை, காய்ந்த காலத்தில் ஒரு தடவை, துருசில் இருந்து கடைசி வயல் வரை கமக்காரர்களோடு நடந்து பாருங்கள். முதலில் அணைக்கட்டும், மிகுதி வெள்ளம் வழிந்தோடும் வானும், ஏனென்றால் கட்டு உடைந்தால் மற்றதெல்லாம் வீண். அடுத்தது துருசுக் கதவு. பிறகு பிரிவாய்க்கால் கதவுகள், தூர் வாருதல். கொங்கிறீற் கடைசியில், தண்ணீரைக் குடிக்கிற மண் உள்ள துண்டுகளுக்கு மட்டும். இந்தப் பட்டியலுக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துப் பணம் சேர்க்க வேண்டும். போதாவிட்டால் பட்டியலைக் கீழிருந்து வெட்டுங்கள், மேலிருந்து அல்ல.

இதே தவறின் மறுபக்கம், கடைசிச் சதம் வரை கட்டுமானத்தில் கொட்டுவது. துருசுக்குக் கிறீஸ் பூச, கட்டில் முளைக்கும் மரக்கன்றைப் பிடுங்க அடுத்த வருடம் யார் பணம் தருவார்? 1984இல் அரசு பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் ஏக்கருக்கு 100 ரூபா பராமரிப்புக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. சில வருடங்களிலேயே வசூல் படுத்துவிட்டது. கொடுத்த காசு தன் வாய்க்காலுக்குத் திரும்பியதைக் காணாத விவசாயி ஏன் மறுபடி கொடுப்பார்? ஆகவே பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாகக் கமக்காரர் அமைப்பின் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று அவர்களும் சேர்க்கட்டும். இதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளும் வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஒருவரின் சொந்தக் கணக்கில் பணம் போடுவது

வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பழைய மதிப்பீட்டை நம்புவது

2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்து மூடை, 2022இல் மூவாயிரம் அளவுக்குப் போனது. அந்த வருடம் பாதியில் நின்ற வேலைகள் பல. மதிப்பீட்டின் திகதியைப் பாருங்கள், கொஞ்சம் கூட்டியே பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக்காரருக்கு முழுத்தொகையும் கொடுத்துவிடுவது

ஒரு பங்கைப் பிடித்து வையுங்கள். ஒரு மாரி கடந்த பிறகு கொடுக்கலாம்.

மாரி தொடங்கும் நேரத்தில் வேலை தொடங்குவது

சிறுபோகம், அதாவது கோடை நெற்செய்கை, செய்யாத சிறுகுளம் என்றால் வைகாசி முதல் ஆவணி வரை நல்ல காலம். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். அரச ஒதுக்கீட்டையும் சேர்த்துக்கொள்பவர்களுக்கு இன்னொரு நெருக்கடி: நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. அந்தப் பணம் திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில் கார்த்திகைச் சேற்றில் கட்டுக்கு மண் போடுவார்கள். நனைந்து குழைந்த மண் உருளை ஓட்டினாலும் இறுகாது. முதல் வெள்ளத்திலேயே கரையும். சங்கப் பணம் பிந்தி வந்தால் நிலையான வைப்பில் போட்டுவிட்டு வைகாசியில் தொடங்குங்கள். கொடுத்தவர்களுக்குக் காரணத்தை எழுதி அனுப்பினால் போதும்.