ஹைஸ்கூல் பையனுக்கு லைட்டான அலாய் பேஸ்பால் பேட் வாங்குறது எப்படி

அமெரிக்காவுல நம்ம வீட்டுப் பசங்க எட்டாவது முடிச்சு ஹைஸ்கூல் டீமுக்கு ட்ரைஅவுட் போற வருஷம் இருக்கே, அப்பதான் பேட் குழப்பம் ஆரம்பிக்கும். அதுவரைக்கும் ஆடின பேட்டை இனிமே எடுத்துட்டுப் போக முடியாது, கடைக்குப் போய் "லைட்டா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா அங்க இருக்குறது எல்லாமே கனமாத்தான் தெரியும்.

காரணம் ரூல்தான். 2012 ஜனவரி 1ல இருந்து ஹைஸ்கூல் மேட்ச்ல மெட்டல் பேட் (அலாய்ங்கிறது அலுமினியக் கலவை, இதுல சேர்ந்தது), காம்போசிட் பேட் (கார்பன் ஃபைபர்ல செஞ்சது) எதுவா இருந்தாலும் பிபிகோர் .50 முத்திரை இருக்கணும், பந்து பேட்ல பட்டு எவ்வளவு தெறிக்கலாம்ங்கிறதுக்கு வெச்ச வரம்புதான் அது. பேட்டோட நீளத்தை இன்ச்ல எடுத்து அதுல இருந்து எடையை அவுன்ஸ்ல கழிச்சா 3க்கு மேல வரக்கூடாது, இதைத்தான் டிராப் 3ன்னு சொல்றாங்க. அதாவது 32 இன்ச் பேட்னா 29 அவுன்ஸ், 31னா 28, அதுக்குக் கீழ எடை போகவே முடியாது. போன வருஷம் 31 இன்ச் டிராப் 8, அதாவது 23 அவுன்ஸ் பேட்ல சுத்திட்டு இருந்த பையன் கையில திடீர்னு 5 அவுன்ஸ், கிட்டத்தட்ட 140 கிராம் கூடுது, பாவம் அவன் லேட்டா சுத்துறதுல ஆச்சரியமே இல்ல. அதுக்காக யாராவது டிராப் 5, டிராப் 8 பேட்டை "ஹைஸ்கூலுக்கும் ஓகே"ன்னு வித்தா வாங்கிடாதீங்க, அந்த பேட்டை எடுத்துட்டு பேட்டர் நிக்கிற கட்டத்துக்குள்ள நின்னாலே பையன் அவுட், கோச்சுக்கும் தண்டனை.

அப்ப லைட் பேட்டுன்னா என்னதான் அர்த்தம்? நம்ம ஊர்ல கிரிக்கெட் பேட் வாங்குறப்ப தராசுல வெச்சா வாங்கினோம், கையில எடுத்து ரெண்டு தடவை தூக்கிப் பாத்து "பிக்கப் நல்லாருக்கு"ன்னு சொல்லித்தானே வாங்கினோம், இங்கயும் அதேதான். இதை ஸ்விங் வெயிட்னு சொல்லுவாங்க. ஒரே 32க்கு 29 அளவுல ரெண்டு பேட் இருக்கும், ஒண்ணுல எடை கைப்பிடிப் பக்கம் தள்ளி இருக்கும், அது பேலன்ஸ்டு. இன்னொண்ணுல எடை நுனியில இருக்கும், அது எண்ட் லோடட். நுனியில இருக்குற எடை சுத்துறப்ப பல மடங்கா தெரியும், ஏன்னா கையில இருந்து இருக்குற தூரத்தோட வர்க்கத்துல அந்தப் பாரம் கூடுது. கடையிலயே ஒரே அளவு பேட் ரெண்டை எடுத்து ஒவ்வொண்ணா விரல் மேல படுக்கவெச்சுப் பாருங்க, எது கைப்பிடிக்குக் கிட்டத்துல நிக்குதோ அது பெரும்பாலும் சுத்த லேசா இருக்கும். ஒல்லியா இருக்குற பையன், ஒன்பதாவது பத்தாவது படிக்கிறவன்னா கண்ணை மூடிட்டு பேலன்ஸ்டு எடுங்க, எண்ட் லோடட் எல்லாம் தோள் பலம் வந்த பெரிய பசங்களுக்கு.

எல்லாரும் தப்பு பண்ற இடம் நீளம்தான். நானும் பண்ணேன், வளர்ற பையனாச்சேன்னு 33 இன்ச் வாங்கிட்டு வந்தேன், அந்த சீசன் முழுக்க லேட்டா சுத்தி வேகமான பந்தெல்லாம் ரைட் ஃபீல்டு பக்கம் கோட்டுக்கு வெளிய ஃபவுலாத்தான் போச்சு, அவன் மனசு உடைஞ்சு போனதைப் பாக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஒரு இன்ச் கூடுனா ஒரு அவுன்ஸ் கூடுது, அந்த எடை இன்னும் தள்ளியும் போகுது, ரெண்டும் சேர்ந்து அடிக்கும். சந்தேகமா இருந்தா சின்ன அளவையே எடுங்க. கடையில பையனை பேட்டை ஒரு கையில பிடிச்சு பக்கவாட்டுல நேரா நீட்டி 30 செகண்ட் நிக்கச் சொல்லுங்க, கை நடுங்கி இறங்குச்சுன்னா அது அவனுக்கு இப்போதைக்குக் கனம். முடிஞ்சா டீம்ல யாருகிட்டயாவது அதே மாடலைக் கேட்டு வாங்கி டீ (பந்தை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டு) வெச்சு இருபது பந்து அடிச்சுப் பாக்கட்டும், முதல் அஞ்சு பந்து இல்ல, கடைசி அஞ்சு பந்துல எப்படி சுத்துறான்னு பாருங்க.

ஏன் அலாய்ங்கிறேன்னா, வாங்குன அன்னைக்கே ஆடலாம், காம்போசிட் மாதிரி நூத்துக்கணக்குல பந்து அடிச்சுப் பழக்க வேண்டியதில்ல. சீசன் தொடங்குறது பிப்ரவரி மார்ச் குளிர்ல, அந்தக் குளிர்ல காம்போசிட் விரிசல் விட வாய்ப்பு ஜாஸ்தி, அலாய் தாங்கும். விலையும் கம்மி. ராலிங்ஸ் 5150 மாதிரி ஒன் பீஸ் (முழுசும் ஒரே துண்டா செஞ்ச) பேலன்ஸ்டு பேட்டுங்க முதல் பிபிகோர் பேட்டுக்கு ரொம்பப் பொருத்தம். ஒரே குறை, நுனியிலயோ கைப்பிடிக்கிட்டயோ பந்து பட்டா கையில சுள்ளுன்னு ஏறும், அது தாங்காத பையனுக்கு அலாய் பேரலும் (பந்து படுற தடிச்ச பகுதி) காம்போசிட் கைப்பிடியும் சேர்ந்த டூ பீஸ் ஹைப்ரிட் பாக்கலாம், விலை கொஞ்சம் ஏறும். இல்லேன்னா கொஞ்சம் தடிமனான கிரிப் டேப் சுத்தி, நல்ல பேட்டிங் கிளவ்ஸ் போட்டாலே பாதி வலி குறையும். அலாய்க்கு என்ன பேர் வெச்சு விளம்பரம் பண்றாங்கங்கிறதைப் பெருசா எடுத்துக்காதீங்க, எல்லா பேட்டும் அந்த .50 வரம்புக்குள்ளதான் இருந்தாகணும்.

புது மாடல் வந்ததும் பழைய வருஷ மாடல் விலை இறங்கும், அதைத் தைரியமா வாங்குங்க. செகண்ட் ஹேண்டுன்னா மட்டும் கவனம், பேரலைச் சுத்தி விரலால தடவிப் பாருங்க, குழி விழுந்த பேட்டை அம்பயர் வெளிய எடுத்து வைக்கச் சொல்லிடுவாரு. முத்திரை தேஞ்சு படிக்க முடியாம இருந்தாலும் வேண்டாம். முத்திரை இருந்தும் பின்னாடி தடை ஆன பேட்டுகளும் இருக்கு, 2020ல லூயிஸ்வில் ஸ்லக்கர் மெட்டா 33 இன்ச் அப்படித்தான் தடை ஆச்சு, அது காம்போசிட். வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி லேப் அனுமதி உள்ள பேட்டுகளோட லிஸ்ட் போடுறாங்க, காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த மாடலும் அளவும் அதுல இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

வாங்கின பிறகும் கனமா தெரிஞ்சா கையை அரை இன்ச் மேல ஏத்திப் பிடிக்கச் சொல்லுங்க, உடனே லேசாகும், பலம் வந்ததும் அவனே கீழ இறக்கிக்குவான்.