பழைய சாக்கடைக்குள் பிளாஸ்டிக் உறை: கோட்டை விடுவது கிரவுட்டில்தான்

ஆள் நுழையும் அளவுள்ள பழைய பாதாளச் சாக்கடையை, தெருவைத் தோண்டாமல் மீட்க ஒரு வழி உண்டு. முதுகில் ரிப் (எழும்பிய வரிகள்) வைத்த பி.வி.சி. பேனல்களை மேன்ஹோல் வழியே இறக்கி, உள்ளேயே ஒன்றோடொன்று பூட்டி வளையமான உறையாக்குவார்கள். அப்புறம் பேனலுக்கும் பழைய சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் கிரவுட் எனும் நீர்த்த சிமென்ட் கலவையை நிரப்புவார்கள். எல்லோருடைய கவனமும் பளபளக்கும் பேனல் மேலேயே இருக்கும். வேலை கெடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சந்தில்.

முதலில் சுவர். சாக்கடையின் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைப் பாக்டீரியா கந்தக அமிலமாக மாற்றும். அதனால் குழாயின் மேல்வளைவில் கான்கிரீட் ஊறிய சுண்ணாம்பு போல இளகிக் கிடக்கும். தண்ணீர் பீய்ச்சிச் சகதியை மட்டும் கழுவினால் போதாது; சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்று கேட்கும்வரை சுரண்ட வேண்டும். இல்லையென்றால் கிரவுட் பிடித்துக்கொள்வது சுவரை அல்ல, அந்த மாவை. நிலத்தடி நீர் கசியும் இடங்களையும் முன்பே அடைத்துவிடுங்கள், ஓடும் நீர் சிமென்ட்டை அரித்துக்கொண்டு போகும்.

அடுத்தது மிதப்பு. காலியான உறை, கிரவுட்டில் விட்ட படகு மாதிரி. 1500 மி.மீ. குழாய்க்குள் வெளிவிட்டம் 1.4 மீட்டர் உள்ள உறை என்று வைத்துக்கொள்வோம். கிரவுட் கன மீட்டருக்கு 1.8 டன் என்றால், சந்து முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்பும்போது ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மேலே தள்ளும் விசை சுமார் 2.8 டன். வெறும் பூட்டுகள் அதைத் தாங்காது. உள்ளே முட்டுக் கொடுத்து, அடிப்பகுதியை முதலில் ஊற்றி இறுகவிட்டு, பிறகு இரு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் உறை மறுபக்கம் சாயும். கொல்கத்தாவின் பழைய செங்கல் சாக்கடைகள் போன்ற முட்டை வடிவத்தில் இன்னும் கவனம் வேண்டும், வளைவு குறைந்த பக்கங்கள் எளிதில் உள்ளே பிதுங்கும்.

உச்சியில் காற்றுப் போக்கி வைக்க மறப்பதும் வழக்கமான தவறு. காற்று அங்கேயே தங்கிவிடும். குழாய் அதிகம் அரித்துப்போன இடமும் அதே உச்சிதான், பாருங்கள்! சந்து அகலமான இடத்தில் மொத்தமாக ஊற்றினால் சிமென்ட்டின் சூடும் சேரும். 80 டிகிரியை நெருங்கினால் சாதாரண பி.வி.சி. இளகிவிடும்.

"விட்டம் குறைந்தால் நீரோட்டம் குறையுமே" என்ற பயம் பாதி சரி. 1500 மி.மீ. 1350 ஆனால், வழவழப்பு மாறாதபோது ஓடக்கூடிய நீரின் அளவு முக்கால் பங்காகும். குழாயின் சொரசொரப்பைக் காட்டும் மேனிங் எண் 0.013-லிருந்து 0.010 ஆனால் இழந்தது ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஆனால் பேனல் மேலும் நுண்ணுயிர்ப் படலம் படியும் என்பதால், அந்த 0.010-ஐ அப்படியே நம்பி வடிவமைப்பது என் பார்வையில் அசட்டுத் துணிச்சல்.

ஆட்கள் விஷயத்தில் சமரசமே கூடாது. பி.வி.சி. பசையின் ஆவி தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆகவே வாயு மீட்டர், காற்றூதி, மேலே காவல் ஆள் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

கடைசியாக, வீட்டு இணைப்புகள். பேனல் மூடுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் அளந்து குறித்து அடைப்பு வையுங்கள். தவறினால் கிரவுட் அந்தக் குழாய்க்குள் ஏறி இறுகிவிடும். மறுநாள் காலை தெருவாசிகள் உங்களைத்தான் தேடி வருவார்கள்.