சீத்தாப்பழத் தோல் போல ஒரு காகித விளக்கு
தருமபுரிப் பக்கம் சீத்தாப்பழ சீசனில் ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோலில் அடுக்கடுக்காக இருக்கும் அந்தக் கட்டங்களையே கார்த்திகை விளக்குக்கூட்டுக்கு மடிப்பாக்கலாம்.

முதலில் சாதாரண ஏ4 தாளில் மாதிரி. தாள் முழுக்க படுக்கைவாட்டில் நீண்ட வைரக் கட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றின் இடது, வலது மூலைகளைக் குறுக்குக் கோட்டால் இணையுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோடுகளை அழுத்தித் தடம் பதித்தால் மடிப்பு கோணாது. இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். சாய்கோடுகளை மேடாகவும் குறுக்குக் கோடுகளைப் பள்ளமாகவும் மடித்தால் தாள் தானாகவே உருளையாக வளையும்.

உருளை ஒல்லியாக வந்தால் கட்டத்தின் உயரத்தைக் குறையுங்கள். அப்புறம் சற்றுக் கனமான 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தாளுக்குப் போகலாம். உள்ளே எல்இடி மட்டும், அகல் வேண்டாம்.