‘எங்கேயோ கேட்ட இசை’: ஹாலிவுட் பின்னணி இசையின் கடன்களைக் கண்டுபிடிக்கும் வழி

படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னணி இசையில் ஓர் இடம் எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். உடனே ‘காப்பி’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அந்தச் சொல் பொருந்தும் இடங்கள் உண்டு. ஆனால் அதை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால் அதற்குமேல் எதையும் கேட்கத் தோன்றாது. நான் ஆவணப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் எடிட்டிங் செய்பவன். பழைய இசை எந்த வழியாகப் புதிய படத்துக்குள் நுழைகிறது என்பதை எடிட்டிங் மேசையிலேயே பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்த வழிமுறையைச் சொல்கிறேன்.

முதலில் வாத்தியங்களை மறந்துவிட்டு ஸ்வரங்களைப் பிடியுங்கள். ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் சேர்ந்து முழங்கினால் எந்தச் சாகசப் படமும் இன்னொன்றைப் போலத்தான் ஒலிக்கும். மெட்டை முணுமுணுத்து, ஆர்மோனியத்திலோ சின்னக் கீபோர்டிலோ கண்டுபிடித்து, ஸரிகமவில் எழுதிக்கொள்ளுங்கள். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த முகப்பு இசையை எடுத்துக்கொள்வோம். ஸ, ப என்று ஒரு தாவல், மகரி என்று மூன்று ஸ்வரங்கள் வேகமாக இறங்கும், உடனே மேல் ஸ, பிறகு ப. நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தாம். இதை எழுதிவைத்துக்கொண்டு, 1942இல் வந்த ‘கிங்ஸ் ரோ’ படத்துக்கு எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட் எழுதிய முகப்பு இசையைக் கேளுங்கள். தொடக்கத்தின் எழுச்சியிலும் மிடுக்கிலும் இரண்டும் உறவுக்காரர்கள் என்பது தெரியும். இன்னும் சற்றுக் கேட்டால் இரண்டின் பாதைகளும் பிரிவதும் தெரியும். வியன்னாவில் வளர்ந்த கோர்ன்கோல்ட் ஹாலிவுட்டுக்குக் கொண்டுவந்த பேரிசை மரபை, அது வழக்கொழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட காலத்தில் வில்லியம்ஸ் மீண்டும் எடுத்தாண்டார். இதை நான் திருட்டு என்று சொல்லமாட்டேன். வாரிசுரிமை என்பேன்.

அடுத்து, தாளத்தைத் தட்டிப் பாருங்கள். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘கிரகங்கள்’ தொகுப்பில் உள்ள ‘செவ்வாய்’ ஒரு சுழற்சிக்கு ஐந்து எண்ணிக்கை கொண்டது. 2000இல் வந்த ‘கிளாடியேட்டர்’ படத்தின் போர்க்கள இசை ‘செவ்வா’யிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஹோல்ஸ்ட் அறக்கட்டளை 2006இல் வழக்குத் தொடுத்தது. ஹான்ஸ் ஸிம்மரின் அந்த இசையைத் தட்டிப் பார்த்தால் மூன்று எண்ணிக்கையில் நடக்கும். எண்ணிக்கை மாறியதால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது. ஆனாலும் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும் அல்லவா?

இப்போது நான் அதிகம் அறிந்த விஷயத்துக்கு வருகிறேன்: டெம்ப் டிராக். இசையமைப்பாளர் வேலையைத் தொடங்கும் முன்பே எடிட்டர் ஏதாவது பழைய படத்தின் இசையைக் காட்சிக்கு அடியில் தற்காலிகமாகப் போட்டுவைப்பார். இயக்குநர் மாதக்கணக்கில் அதனோடு சேர்த்தே படத்தைப் பார்ப்பார். கடைசியில் வேறு எந்த இசையைக் கேட்டாலும் அவருக்குக் குறையாகத்தான் தோன்றும். “இதே மாதிரி, ஆனால் இது வேண்டாம்” என்று இசையமைப்பாளரிடம் சொல்லப்படும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலான ஒற்றுமைகள் பிறக்கின்றன. அதன் அடையாளம் எளிது. வேகம், வாத்தியம், உச்சத்தை எட்டும் இடம் ஆகிய மூன்றும் பழைய இசையோடு ஒத்துப்போகும். மெட்டு மட்டும் ஓரிரு ஸ்வரங்கள் விலகி நடக்கும். அப்படி ஒன்றைக் கேட்டால் இசையமைப்பாளரைத் திட்டுவதற்கு முன் எடிட்டிங் அறையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கத்தின் ஆழத்தைப் புரிந்துகொள்ள ஒரு சங்கிலியைத் தொடரலாம். 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு அலெக்ஸ் நார்த் இசையமைத்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதை ஒதுக்கிவிட்டு, டெம்ப் டிராக்காகப் போட்டிருந்த செவ்வியல் இசைத் துண்டுகளையே படத்தில் வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்குத் திரையில் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. குப்ரிக் வைத்துக்கொண்ட துண்டுகளில் ஒன்று, சோவியத் இசையமைப்பாளர் கச்சதுரியானின் ‘கயானே’ பாலேவில் வரும் அடாஜியோ என்னும் மெதுவான பகுதி. விண்கலத்தின் தனிமைக்கு அது பொருந்திய விதத்தில், விண்வெளியின் வெறுமை என்றாலே அந்தத் தந்தி வாத்திய ஒலிதான் என்றாகிவிட்டது. 1986இல் ‘ஏலியன்ஸ்’ படத்துக்கு ஜேம்ஸ் ஹார்னர் எழுதிய தொடக்க இசையைக் கேளுங்கள். அதே அடாஜியோ மூச்சுவிடுவது கேட்கும்.

அதன் முந்தைய படமான ‘ஏலிய’னில் (1979) ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்கு நேர்ந்தது இன்னும் கசப்பானது. எடிட்டர் டெர்ரி ராலிங்ஸ், கோல்ட்ஸ்மித்தே 1962இல் ‘ஃபிராய்ட்’ படத்துக்கு எழுதிய இசையை டெம்ப் டிராக்காக வைத்திருந்தார். புதிய இசை தயாரான பிறகும் பழையதின் சில பகுதிகள் படத்திலேயே தங்கிவிட்டன. கோல்ட்ஸ்மித் எழுதிய முடிவு இசையின் இடத்தில் ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனி ஒலித்தது. ஆக, தன் பழைய இசையோடு தானே போட்டியிட்டு ஓர் இசையமைப்பாளர் தோற்றிருக்கிறார். இதே கோல்ட்ஸ்மித்தான் 1993இல் அலெக்ஸ் நார்த்தின் கைவிடப்பட்ட ‘2001’ இசையை ஒலிப்பதிவு செய்து உலகத்துக்குத் தந்தார். அதைத் தேடிக் கேளுங்கள்.

வேண்டுமென்றே மேற்கோள் காட்டப்படும் இசையும் உண்டு. இங்கேதான் காதுக்கு உண்மையான விருந்து. 1960இல் வந்த ‘சைக்கோ’வில் குளியலறைக் காட்சியின் கீச்சிடும் வயலின்களை எல்லோருக்கும் தெரியும். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதே படத்தில் மூன்றே ஸ்வரங்கள் கொண்ட இன்னொரு சொற்றொடரையும் வைத்திருக்கிறார். தாழ்ந்த இடத்தில் ஒரு ஸ்வரம். அங்கிருந்து மேலே ஒரு பெரிய தாவல். பிறகு தொடங்கிய இடத்தையும் தாண்டிக் கீழே ஒரு வீழ்ச்சி. மோட்டலின் வரவேற்பறையில், தாயைப் பைத்தியக்கார விடுதியில் சேர்க்கும் பேச்சு எழும்போது இது தலைகாட்டும். பதினைந்து ஆண்டுகள் கழித்து ‘டாக்ஸி டிரைவர்’ படத்துக்கு இசையமைத்த ஹெர்மன், ஒலிப்பதிவு முடிந்த கையோடு 1975 டிசம்பர் 24 அன்று இறந்துபோனார். அந்தப் படத்தின் கடைசியில் அதே மூன்று ஸ்வரங்கள் ஒலிக்கின்றன. குணமாகிவிட்டவனைப் போலக் காரோட்டிச் செல்லும் நாயகன் குணமாகவில்லை என்று வசனமே இல்லாமல் அது சொல்லிவிடுகிறது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கப்பலின் தரைக்கு அடியில் ஒளிந்திருந்தவர்கள் தலை நீட்டும் நேரத்தில், வில்லியம்ஸ் அதே மூன்று ஸ்வரங்களைச் சட்டென்று இசைத்துவிட்டுப் போகிறார். மறைந்த மேதைக்கு அவர் செய்த வணக்கமாகவே நான் அதைக் கேட்கிறேன்.

மேற்கோள் என்று தீர்மானிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: பழைய இடத்தை அறிந்தவருக்குக் காட்சியின் பொருள் கூடுகிறதா? கூடினால் மேற்கோள்.

யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்தையும் அடையாளம் கண்டு தள்ளிவைக்கப் பழகுங்கள். அவற்றில் முக்கியமானது இடைக்காலக் கிறித்தவ இரங்கல் பாடலான ‘டீஸ் இரே’. கரிகஸ, ரிநிஸஸ. சாதாரண காந்தாரத்தோடு, நி கீழ் ஸ்தாயியில், கரகரப்பிரியா போலப் பாடிப் பாருங்கள். முதல் நான்கு ஸ்வரங்கள் போதும், திரையில் மரணம் வந்துவிடும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1830இலேயே தன் சிம்பொனியில் பயன்படுத்திவிட்டார். 1980இல் ‘தி ஷைனிங்’ படம் தொடங்குவதே இதில்தான். இதை இரண்டு படங்களில் கேட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஒன்று திருடியது என்று சொல்வது, இரண்டு பேர் ஒரே திருக்குறளைச் சொன்னதற்குப் புகார் கொடுப்பதைப் போன்றது.

தன்னிடமிருந்தே எடுப்பவர்களும் உண்டு. ஹார்னரின் நான்கு ஸ்வர அபாயச் சொற்றொடர் ‘வில்லோ’ முதல் ‘ட்ராய்’, ‘அவதார்’ வரை வந்துகொண்டே இருக்கும். நீனோ ரோட்டா 1958இல் ‘ஃபார்ட்டுனெல்லா’வுக்குப் போட்ட மெட்டை ‘காட்ஃபாதர்’ படத்தில் எடுத்தாண்டதால் அவருடைய ஆஸ்கர் பரிந்துரையே திரும்பப் பெறப்பட்டது. இரண்டாம் பாகத்துக்கு விருது கிடைத்தது.

இத்தனை சல்லடைகளையும் தாண்டி மிஞ்சுவதைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள். 2007இல் வந்த ‘300’ படத்தின் சில பகுதிகள், எலியட் கோல்டென்தால் 1999இல் ‘டைட்டஸ்’ படத்துக்கு எழுதிய இசையிலிருந்து உருவானவை என்று வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பெயர் சொல்லாமல் எடுப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘தி ஆர்ட்டிஸ்ட்’ (2011) ஹெர்மனின் ‘வெர்டிகோ’ இசையைப் பயன்படுத்தியபோது ‘வெர்டிகோ’வின் நாயகி கிம் நோவாக் கடுமையாகச் சாடினார். ஆனால் ‘தி ஆர்ட்டிஸ்ட்’ அதை முறைப்படி பெற்று, பெயரும் போட்டிருந்தது. 1991இல் ‘கேப் ஃபியர்’ மறுபடியும் எடுக்கப்பட்டபோது, 1962ஆம் ஆண்டுப் படத்துக்கு ஹெர்மன் எழுதிய இசையை எல்மர் பெர்ன்ஸ்டீன் புதிதாக வடிவமைத்தார். ஹெர்மனின் பெயர் அதில் இருக்கிறது.

ஆகவே படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயர்ப் பட்டியலில் இசை உரிமை வரிகளைப் படித்து, நீங்கள் எழுதிவைத்த ஸ்வரங்களுக்குப் பக்கத்தில் படத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.