மாத்திரையை விட்டு காப்பர் டிக்கு மாறினேன்

குழந்தை பிறந்து பால் மறந்த பிறகு கருத்தடை மாத்திரை எடுக்கத் தொடங்கினேன். ஆரம்பத்தில் இருந்த குமட்டல் தானாக அடங்கியது. அப்புறம் வந்தது ஒற்றைத் தலைவலி. வலிக்கு முன்னால் கண்ணோரத்தில் வளைந்து வளைந்து ஒளிக்கோடு மின்னும். படிக்கும் வரியில் பாதி எழுத்து மறைந்துபோகும்.

டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இந்த வகைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். அதனால் 'தலைவலி' என்று மட்டும் சொல்லாதீர்கள், கண்ணில் என்ன தெரிகிறது என்பதையும் சொல்லுங்கள்.

3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை யோசித்தோம். அதை நிறுத்திய பின் கரு தங்கத் தாமதமாகலாம் என்பதால் வேண்டாம் என்றேன். கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி 380ஏ-வில் ஹார்மோனே இல்லை, 10 ஆண்டு வரை வேலை செய்யும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். சரி, அதுவே போதும் என்று முடிவெடுத்தேன்.

முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் அதிகம்தான். டாக்டர் சொன்ன ஐபுப்ரோஃபென் கைகொடுத்தது. ரத்தசோகை உள்ளவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். அவர்களுக்கு உதிரப்போக்கைக் குறைக்கும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் பொருந்தலாம். எனக்கு இப்போது ஒளிக்கோடு வருவதில்லை. மாதவிடாய் முன்னைவிடச் சற்று நீள்கிறது, அதைச் சமாளிக்க முடிகிறது.