கியூசு: வாங்கும்போதும் டீ போடும்போதும்

முதல் கியூசு, அதாவது ஜப்பானியத் தேநீர்க் குடுவை, வாங்குகிறீர்களா? ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் தொகோநாமே ஊரில் செய்யும் செம்மண் குடுவையில் தொடங்குங்கள், 250 மில்லி பிடித்தால் போதும். கைப்பிடி மூக்குக்குச் செங்கோணமாகப் பக்கவாட்டில் நீட்டியிருக்கும். பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்குத்தான், இடக்கைக்கும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். மூடியை மெல்லச் சுற்றிப் பாருங்கள், ஆட்டமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். உள்ளே மூக்கின் அடியில் மண்ணிலேயே துளையிட்ட வடிகட்டி இருந்தால் இன்னும் நல்லது, கம்பிவலையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

சரி, டீ போடலாம். சென்ச்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலை) 5 கிராம், தண்ணீர் 200 மில்லி, கொதிக்கக் கொதிக்க ஊற்றவே கூடாது, 70-80 டிகிரிக்கு ஆறட்டும். ஒரு நிமிடம் கழித்து, கைப்பிடியைப் பிடித்த கையின் கட்டைவிரலாலேயே மூடியை அழுத்திக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சாயுங்கள். இரண்டு கோப்பை என்றால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், அப்போதுதான் இரண்டிலும் ஒரே திடம் வரும். கடைசிச் சொட்டுவரை வடியவிடுங்கள். தண்ணீர் தங்கினால் அடுத்த தடவை கசக்கும்.

கழுவ சோப்பு வேண்டாம், மண் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் அலசி, மூடியைத் திறந்து காயவையுங்கள். அப்புறம், இரண்டாவதாகச் சேர்க்க ஜப்பானின் யொக்காய்ச்சி ஊரில் செய்யும் பான்கோ வகை மண் குடுவையைப் பாருங்கள், கருஞ்சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம், அவ்வளவு அழகு!