பாடம் முடிந்ததும் எழுதும் அனுபவக் கட்டுரை: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்ந்த பாடத்தை எடுத்தவர்களுக்கு செமஸ்டர் முடியும்போது ஒரு கடைசி அசைன்மென்ட் வரும்: இந்தப் பாடத்தில் என்ன கற்றாய், எழுது. கடலூரில் அந்தப் பாடத்தை முடித்துவிட்டேன். இப்போது ஜூனியர்கள் தங்கள் கட்டுரைகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வகுப்பில் அவ்வளவு நன்றாகப் பேசியவர்கள் தாளில் ஆளே காணாமல் போய்விடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆசிரியர் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றைத்தான்: முன்பு நீங்கள் படித்த விதத்துக்கும் இப்போது படிக்கிற விதத்துக்கும் நடுவே என்ன மாறியது?

அதற்குப் பதிலாகப் பலர் பாடத்திட்டத்தை ஒப்பிக்கிறார்கள். முதல் அலகில் சங்க இலக்கியம், இரண்டாம் அலகில் பக்தி இலக்கியம் என்று ஒரு பக்கம் போய்விடுகிறது. அதை உங்களுக்குக் கொடுத்ததே ஆசிரியர்தான். "இலக்கியம் காலத்தின் கண்ணாடி" என்ற தொடக்கத்தையும் தயங்காமல் அடித்து நீக்கிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பாட்டை விட்டுவிட்டுத் தெளிவுரையைப் பற்றி எழுதுவது. குறுந்தொகையின் 40ஆம் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'செம்புலப் பெயல்நீர்' வருகிற பாட்டு. கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்திருப்பீர்கள். நான் படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் "காதலின் மேன்மையை அழகாக எடுத்துரைக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டன. யார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் கூற்றுக் குறிப்பு பாட்டுக்குக் கீழே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறுவதைக் கண்டு தலைவன் பேசுகிறான். இது தெரிந்தபின் அந்த ஐந்து அடிகளையும் மறுபடி படித்துப் பாருங்கள். முதல் மூன்று அடிகளும் கேள்விகள். உன் தாய் யார், என் தாய் யார், நாம் எப்படி அறிமுகம் என்று அவளுடைய பயத்துக்கான காரணங்களை அவனே எடுத்து வைக்கிறான். "பிரிய மாட்டேன்" என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீரைக் காட்டி, அதுபோல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்பதோடு சரி. நம் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைநாளில் கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கம் போனால் தெரியும். மேலேயிருந்து சிவப்பாக இறங்கி வரும் தண்ணீரில் மண் எது, நீர் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்தப் பயத்துக்கு அவன் தரும் பதில் அதுதான். இப்படி ஒரே ஒரு பாட்டோடு நீங்கள் பட்ட பாட்டை எழுதினால் போதும், ஐந்து அலகுகளும் தேவைப்படாது.

ஊர்ப்பெருமையிலும் கவனம் வேண்டும். கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார், பாரதிதாசன் பிறந்தது அங்கேதான், ஜெயகாந்தன் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர், புதுமைப்பித்தன் 1906இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். எல்லாம் உண்மைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் இந்தப் பட்டியலால் உங்கள் வாசிப்பைப் பற்றி எதுவும் தெரியவராது. சில சமயம் தவறான வழியிலும் கொண்டுபோய்விடும். புதுமைப்பித்தன் பிறந்தது இங்கே, ஆனால் அவர் கதைகளில் கேட்பது திருநெல்வேலிப் பேச்சு. "கடலூர் மண்ணின் மணம் கமழும் கதைகள்" என்று எழுதினால், கதையைத் திறந்தே பார்க்கவில்லை என்பது ஆசிரியருக்கு உடனே புரிந்துவிடும்.

அப்புறம், எழுத்துப் பயிற்சியைப் பற்றி எழுதும் பகுதி. "என் எழுத்துத் திறன் மேம்பட்டது" என்ற வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆதாரம் உங்கள் பழைய வரைவுகளில் இருக்கிறது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுவது பரவலாக நடக்கும் தவறு. என் வகுப்புத் தோழி ஒருத்தி 2011 டிசம்பரில் வந்த தானே புயலைப் பற்றி எழுதினாள். "தானே புயல் எங்கள் மாவட்டத்தையே புரட்டிப் போட்டது" என்று முதல் வரைவில் இருந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம், அதனால் அந்த வரியில் யாரும் நிற்கவில்லை. கடைசி வரைவில் அதே இடத்தில் இப்படி இருந்தது: "தோப்பு போன பிறகு, பாட்டி வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் மெயின் ரோட்டில் போகும் பஸ் தெரிந்தது." வகுப்பே அமைதியானது. தன் அனுபவக் கட்டுரையில் அவள் இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் வரியை ஏன் அடித்தாள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாள். இதை சாட்ஜிபிடியில் வாங்க முடியாது. நீங்கள் எதை, ஏன் அடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

அருமை, சிறப்பு, மனதைத் தொட்டது போன்ற சொற்களைத் தேடிப் பிடித்து எடுத்துவிடுங்கள். ஒற்றுப் பிழைகளை வேறொருவர் கண்ணில் காட்டித் திருத்துங்கள்.

பிடிக்காத படைப்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் தவறுதான். மதிப்பெண் போய்விடும் என்ற பயத்தில் எல்லாமே பிடித்தது என்று எழுதுகிறோம். ஒரு கதை ஏன் உங்களை உள்ளே விடவில்லை, எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்று காரணத்தோடு எழுதினால் எந்த நல்ல ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். புரியாமலே நின்றுபோன ஒரு பாட்டு இருந்தால் அதையும் சொல்லலாம்.

நன்றி சொல்வதை நேரில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் அது இடத்தை அடைக்கும். கொடுப்பதற்கு முன் இந்தப் பாடத்தை எடுக்காத ஒரு நண்பரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "எந்தக் கதை? எந்த வரி?" என்று அவர் கேட்கிற இடத்தில் எல்லாம் அந்த வரியைக் கொண்டுவந்து வையுங்கள்.